ஊசி காஞ்சுதா?

எனக்குச் சந்தேகப் புத்தி. பால்காரர் பால் அளக்கும்போது நான் பாலைப் பார்க்கமாட்டேன், படிக்குள் போகும் அவருடைய கட்டைவிரலைப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி என் தோளில் சாய்ந்து தூங்கினால் அது நிஜத் தூக்கமா என்று ஓரக்கண்ணால் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்து உட்காருவேன். இதனால் சொந்தபந்தத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நர்ஸ் வேலைக்கு வந்த பிறகு, இந்தப் புத்தி இல்லாதவர்கள் எப்படி இந்த வேலையைச் செய்கிறார்கள் என்றுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமியோடு மல்லுக்கட்டும் வேலை. இதில் யாரை நம்புவது?

எண்பதுகளின் நடுவில் கம்பைநல்லூரில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். முன்னால் நோயாளிகள் உட்காரும் வராந்தா, அதை ஒட்டி டாக்டர் அறை, ஊசி போடும் அறை, பின்னால் ஸ்டவ் வைத்திருந்த அறை. மேலே மொட்டை மாடி. வேலைக்கு இருந்தது மூன்றே பேர். டாக்டர், நான், ஒரு ஆயா. எங்கள் ஊர்ப் பக்கம் வீடுகளில் ஆயா என்றால் பாட்டி. ஆஸ்பத்திரியில் அப்படியில்லை. பெருக்கி, கழுவி, துடைத்து, தூக்கிக் கொட்டுகிற பெண்ணுக்கு இருபது வயதானாலும் அவள் ஆயாதான்.

அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்சு, இரும்பு ஊசி. இன்று ஒருத்தருக்குப் போட்டதும் தூக்கிப் போடுகிற மாதிரி இல்லை. ஒருத்தருக்குப் போட்டதைக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, அடுத்தவருக்குப் போடவேண்டும். அந்தக் கொதியில்தான் எல்லாம் இருக்கிறது. கரண்டில் ஓடும் ஸ்டெரிலைசர் ஒன்று இருந்தது. தருமபுரிப் பக்கத்துக் கரண்டோடு அது ஒத்துப்போகாமல் செத்துவிட்டது. அதனால் பம்ப் ஸ்டவ்வில் அலுமினியப் பாத்திரத்தை வைத்து, காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை ஆயா கொதிக்க வைப்பாள். எடுத்து டிரேயில் அடுக்கி வெள்ளைத் துணி போட்டு மூடிவிடுவாள். நான் துணியை விலக்கி எடுத்துப் போடவேண்டியது.

பழைய ஆயா மகளோடு இருக்கப் போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். புது ஆயா சேர்ந்தபோது நான் என் தங்கை கல்யாணத்துக்காக லீவில் இருந்தேன். டாக்டரே அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்திருந்தார். திரும்பி வந்து பார்த்தால் ஆஸ்பத்திரியே பளபளவென்று இருந்தது. புது ஆயாவுக்கு நாற்பது வயது இருக்கும். குளித்து, தலையை இறுக்க முடிந்து, துவைத்த சேலையில் வருவாள். தரையில் ஒரு பஞ்சைப் பார்க்க முடியாது. டிரேயின் மேல் போடும் துணிக்கு நீலம் போட்டிருந்தாள்.

இவ்வளவு சுத்தமாக ஒருத்தி இருந்தால் எனக்குச் சந்தேகம் வராதா? வந்தது. அவள் தினமும் ஒயர் கூடை ஒன்றைக் கொண்டுவருவாள். வரும்போது தொளதொளவென்று இருக்கும் கூடை, போகும்போது மேலே துணி போட்டு மூடியிருக்கும். உள்ளே என்ன என்று ஒருமுறை கேட்டேன். "தழைங்க நர்சம்மா, ஆட்டுக்குட்டிக்கு" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேலியில் தழை இருந்தது உண்மைதான். தழைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை, நானும் கிளறிப் பார்க்கவில்லை. மனதில் மட்டும் வைத்துக்கொண்டேன்.

டாக்டருக்கு ஓசூர்ப் பக்கம். அப்போது ஓசூரும் எங்கள் தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். நல்ல மனுஷர், ஆனால் வார்த்தையைச் செலவழிக்கமாட்டார். தினமும் வந்து நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் உள்ளே பார்த்து ஒரே கேள்வி கேட்பார்.

"ஊசி காஞ்சுதா?"

"காஞ்சுதுங்க" என்று பின்னாலிருந்து ஆயாவின் குரல் வரும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதே கேள்வி, அதே பதில். பழைய ஆயா காலத்திலும் அப்படித்தான். எங்கள் வீடுகளில் தண்ணி காய வைக்கிறோம், பால் காய வைக்கிறோம். அதனால் அந்தப் பேச்சு யார் காதிலும் உறுத்தவில்லை.

அந்த நாட்களில் எங்களிடம் தினமும் ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்களில் ஒரு பெண் இருந்தாள். பக்கத்துக் கிராமத்துக்காரி, கிறிஸ்தவக் குடும்பம், சொந்தமாகக் கொஞ்சம் நிலம். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. டி.பி. அந்தக் காலத்தில் அதற்குத் தினமும் ஊசி போடவேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில். நடுவில் விட்டால் நோய் முன்னைவிட முரட்டுத்தனமாகத் திரும்பும், அப்புறம் அந்த மருந்துக்கே அடங்காது. இதை நான் அவளுக்குப் பலமுறை சொல்லியிருந்தேன். ஆண் குழந்தை இல்லை என்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த வீடு அது. இவள் போனால் அந்தப் பெண் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள் என்று அவளும் கேட்டுக்கொண்டதில்லை, நானும் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் பதில் தெரியும்.

வராந்தா பெஞ்சில் அவள் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து தள்ளிப் போவார்கள். அதனால் வெளியே புங்க மரத்தடியில் தனி ஸ்டூல் போட்டிருந்தோம். அவளுக்குத் தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர். அவள் இருமும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். குழந்தையை உள்ளே கொண்டுவராதே என்பேன். எல்லாம் சரியான முறைதான், நான் படித்ததுதான். அவளிடமிருந்து எங்களுக்கு நோய் வராமல் பார்த்துக்கொள்வதில் நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தோம்.

அவள் தேறிக்கொண்டு வந்தாள். இருமல் குறைந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. மரத்தடியில் உட்கார்ந்து குழந்தைக்குப் பேன் பார்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அப்புறம் ஒரு நாள் நொண்டிக்கொண்டு வந்தாள். ஊசி போடும் இடத்தில் கல் மாதிரிக் கட்டி, தொட்டால் கொதிக்கிறது.

"என்னத்தப் போட்டுத் தேச்ச?" என்றேன். என் முதல் கேள்வியே அதுதான்.

"ஒண்ணும் தேய்க்கலீங்களே."

"பொய் சொல்லாத. மஞ்சளா, சுண்ணாம்பா? சாம்பலக் கீம்பல வெச்சியா?"

"வேப்பெண்ணகூட வெக்கலீங்க, நர்சம்மா."

நான் நம்பவில்லை. டாக்டரும் நம்பவில்லை. கட்டியைக் கீறிச் சீழ் எடுத்து, கட்டுப் போட்டு, இனி எதையும் தேய்க்காதே என்று திட்டி அனுப்பினார். ஒன்றும் தேய்க்காத அவள், இனித் தேய்க்கமாட்டேன் என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவள் ஒருத்தியோடு நிற்கவில்லை. சத்து ஊசிக்கு வந்த ஒரு வாத்தியாருக்குத் தோளில் கட்டி. காய்ச்சலுக்கு வந்த ஒரு வியாபாரியின் மனைவிக்கு இடுப்பில் கட்டி. கொஞ்ச நாள் முன்னால் ஊசி போட்டுக்கொண்டு போன ஒரு பெரியவருக்கு மஞ்சள் காமாலை என்று சேதி வந்தது. அதற்கும் எங்கள் ஊசிக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க எங்களிடம் அன்று வழியில்லை. எனக்கென்னவோ உண்டு என்றுதான் இன்றுவரை தோன்றுகிறது.

ஊரில் பேச்சு கிளம்பியது. டாக்டர் தண்ணி மருந்து போடுகிறார் என்றார்கள். இன்னும் சிலர் என் கையைச் சொன்னார்கள். "அந்த நர்சம்மா கைராசி செரியில்ல" என்று மருந்துக் கடை வாசலிலேயே ஒரு பெண் சொன்னாள், நான் நிற்பது தெரிந்தே சொன்னாள். ஒரு வாரம் என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. சோப்புப் போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. டாக்டர் மருந்துக் கம்பெனியைச் சந்தேகப்பட்டார். நான் மருந்தைக் கரைக்கிற தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், பஞ்சைச் சந்தேகப்பட்டேன், ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று மோந்து பார்த்தேன். ஆயாவைச் சந்தேகப்பட்டேனா என்றால், பட்டேன். ஆனால் வேறு விஷயத்துக்கு.

இதற்கிடையில் அந்தப் பெண் வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். மரத்தடி ஸ்டூல் காலியாகக் கிடந்தது. அவள் ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன். பதில் வந்தது. "இருமல்ல செத்தா ஒரு தடவதான் சாவேன். அந்த ஊசியில எதுக்குத் தெனம் சாவணும்னு கேக்குதுங்க அந்தப் புள்ள." சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது விட்டால் அவள் பிழைக்கமாட்டாள்.

அந்த வாரத்தில்தான் நான் மண்ணெண்ணெய் டின்னில் குச்சி விட்டுப் பார்த்தேன்.

மண்ணெண்ணெய் அன்று லேசில் கிடைக்கிற சாமானில்லை. ரேஷன் கடையில் வரிசையில் நின்று கால் கடுக்கும். ஒயர் கூடையின் அடியில் ஒரு பாட்டில் போனால் யாருக்குத் தெரியும்? விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை டின்னுக்குள் விட்டு, நனைந்த மட்டத்தில் நகத்தால் கீறி, குச்சியைக் கதவு இடுக்கில் செருகி வைத்திருந்தேன். ஸ்டவ்வுக்கு எவ்வளவு ஆகும் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் இறங்கியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

மறு வாரம் ஒரு மதியம், டாக்டர் பின்னால் இருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த நேரம், அதே குச்சியை மறுபடி விட்டேன். எடுத்துப் பார்த்தால் கீறின இடத்திலேயே நனைந்திருந்தது. துளிகூட இறங்கவில்லை.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு ஏமாற்றம்தான். திருடி இல்லையா இவள் என்று குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. திருடவில்லை சரி, எரியவுமா இல்லை? ஸ்டவ்வைப் போய்த் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. பர்னரின் மேல் சிலந்தி நூல் கட்டியிருந்தது. பம்ப் ஸ்டவ் எரிந்தால் உஸ்ஸென்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கே வரவில்லை.

ஆயாவைத் தேடினேன். கீழே இல்லை. மொட்டை மாடிக்குப் போனேன்.

நல்ல உச்சி வெயில். நீலம் போட்ட வெள்ளைத் துணியை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்து, அதன் மேல் சிரிஞ்சுகளையும் ஊசிகளையும் வரிசையாகப் பரப்பியிருந்தாள். வடகம் காயப் போட்ட மாதிரி. காக்கா வராமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியைக் குச்சியில் கட்டி நட்டிருந்தாள். நிழலில் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?" என்றேன்.

"ஊசி காயுதுங்க" என்றாள். "இன்னும் செத்த நேரம். அடியில ஈரம் நிக்குது."

"கொதிக்க வெக்கலையா?"

"எதுக்குங்க கொதிக்க வெக்கணும்? சோப்புத் தண்ணியில ரெண்டு தரம் அலசறேன். ஐயா காய வெக்கச் சொன்னாரு, காய வெக்கிறேன். தெனம் ரெண்டு வேளையும் கேக்கறாரில்ல, காஞ்சுதான்னு."

"மழ பேஞ்சா?"

"ஃபேனுக்கு அடியிலீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. எல்லாரையும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் அந்த ஒரு வார்த்தையைச் சந்தேகப்படவில்லையே. தினமும் இரண்டு வேளை என் காது பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்த வார்த்தை. ஒருத்தர் அடுப்பில் காய வைத்ததைக் கேட்டார், இன்னொருத்தி வெயிலில் காய வைத்ததைச் சொன்னாள். கேள்வியும் பதிலும் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டன, நடுவில் இத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது.

டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்து மாடியில் நிறுத்தினேன். கைகூடச் சரியாகக் கழுவாமல் வந்தவர், துணியையும் கறுப்புக் கொடியையும் பார்த்துவிட்டு ஒரு சிரிஞ்சை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"நான் காய வெக்கச் சொன்னேனே அம்மா" என்றார்.

"அதத்தானுங்க செஞ்சேன்."

"காய வெக்கிறதுன்னா அடுப்புல. எங்க வூட்ல கன்னடத்துல நீரு காயிஸுன்னா அடுப்புல வெக்கிறதுதான்."

"தண்ணி காய வெக்கச் சொல்லியிருந்தா அடுப்புல வெச்சிருப்பேனுங்க" என்றாள் ஆயா. "நீங்க ஊசியக் காய வெக்கச் சொன்னீங்க. ஊசி என்ன தண்ணியா?"

அவள் பயந்துபோயிருந்தாள். வேலை போய்விடும் என்று நினைத்துக் கூடையை அப்போதே எடுத்துக்கொண்டாள். தழைதான் இருந்தது, அடியிலும் தழைதான். பார்த்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் அவளை அனுப்பவில்லை. அன்று மதியம் யாருக்கும் ஊசி இல்லை என்றார். ஸ்டவ்வைத் துடைத்துப் பற்ற வைத்து, இருந்த சிரிஞ்செல்லாம் போட்டு, தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறவரை மூன்று பேரும் நின்று பார்த்தோம். கொதி வந்ததும் உடனே எடுக்கக்கூடாது, கொதியிலேயே நல்ல நேரம் கிடக்கவேண்டும், எடுக்கும்போது விரல் படாமல் இடுக்கியால் எடுக்கவேண்டும் என்று ஆயாவுக்குச் சொன்னேன். அவள் ஒன்றையும் மறுபடி கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் கொதியை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை.

"வெளிய சொல்ல வேணாம்" என்றார் டாக்டர் என்னிடம். "தெரிஞ்சா ஒருத்தனும் உள்ள வரமாட்டான்."

"அந்தப் புள்ளைக்கு மட்டும் சொல்லணுங்க டாக்டர்" என்றேன்.

"அந்தப் புள்ளைக்குத்தான் மொதல்ல சொல்லக்கூடாது. ஏற்கெனவே வர்றதில்ல."

"மஞ்சளத் தேச்சன்னு திட்டி அனுப்பியிருக்கோம். வேற என்ன சொல்லிக் கூப்புடறது?"

அவர் எழுந்து தன் அறைக்குள் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் நான் பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பிடித்திருந்த சதை போயிருந்தது. பேச வாயெடுத்தவளுக்கு இருமல் வந்தது, பழைய இருமல். என்னைப் பார்த்ததும் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நோயாளிக்கு என்மேல் அவ்வளவு பயம்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஊசியைக் கொதிக்க வைக்கவில்லை, வெயிலில் உலர்த்திப் போட்டோம், ஒருத்தர் உடம்பில் இருந்தது அடுத்தவர் உடம்புக்குப் போயிருக்கிறது, உன் கட்டி எங்களால் வந்தது.

அவள் காயை உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப நான் ஒண்ணும் தேய்க்கல" என்றாள்.

"தேய்க்கல."

"எங்க வூட்லகூட யாரும் நம்பலீங்க. நர்சம்மாவே சொல்றாங்கன்னு எங்கூட்டுக்காரரு அடிச்சாரு."

அவள் கணவன் உள்ளே கட்டிலில் படுத்திருந்தான், நாங்கள் பேசியது அவன் காதில் விழுந்திருக்கும். அவன் எழுந்து வரவில்லை.

"நாளைக்கு வா" என்றேன். "நடுவுல விட்ட நாளுக்கும் சேத்து டாக்டர் பாத்துப் போடுவார். வராம இருந்துடாத."

"இப்பக் கொதிக்க வெக்கிறீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

சரியான கேள்வி. என்னையே யாரோ கண்ணாடியில் காட்டின மாதிரி இருந்தது. நம்பாதே என்றேன். வந்து நீயே பார்.

வந்தாள். மரத்தடி ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு, முந்தானையை வாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பின்னறை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தேன். நோயாளி உள்ளே வரக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயா ஸ்டவ்வுக்கு பம்ப் அடித்தாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் பாத்திரத்தைப் பார்த்தார்கள். கொதி வந்து, கொதியில் நேரம் கிடந்து, இடுக்கியால் எடுத்து, ஆறிய பிறகுதான் அவள் எழுந்து ஊசி அறைக்கு வந்தாள். மறுநாளும் அப்படியே. நான் நம்பகமானவள் என்று அவள் ஒரு நாளும் முடிவு செய்யவில்லை, ஒரு நாளும் வராமலும் இருக்கவில்லை.

ஒரு நாள் காலையில் டாக்டர் வந்து, நாற்காலியை இழுத்து, பழக்க தோஷத்தில் உள்ளே பார்த்துக் கேட்டுவிட்டார்.

"ஊசி காஞ்சுதா?"

ஆயா வாயைத் திறப்பதற்குள் ஸ்டூலிலிருந்து அவள் குரல் வந்தது. இருமல் இல்லாத குரல்.

"கொதிக்குதுங்க. நான் பாத்துட்டுதான் இருக்கறேன்."